பகல் வெளிச்சமும் பெட்ரோல் டேங்கும்: அடிலெய்டிலிருந்து டார்வின் வரை வேன் பயணம்

அவுட்பேக் என்னும் ஆஸ்திரேலிய உள்நிலப் பயணத்துக்குத் திட்டம் போட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களை எழுதிக்கொண்டு, அவற்றுக்கு நடுவே கோடு இழுக்கிறார்கள். ஐரோப்பாவில் அப்படிப் போகலாம். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் அது சரிப்படாது. அங்கே ஒவ்வொரு நாளுக்கும் முதலில் எழுத வேண்டியவை இரண்டு: அன்று சூரியன் எத்தனை மணிக்கு மறையும், அடுத்த பெட்ரோல் பங்க் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உட்பட்டு மிஞ்சும் நேரத்தில்தான் மற்றதெல்லாம். இந்த அத்தியாயம் அந்தக் கணக்கைச் சொல்லித்தருவதற்கு.

நான் எடுத்துக்கொள்ளும் வழி ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. தெற்கே போர்ட் அகஸ்டாவில் தொடங்கி வடக்கே டார்வினில் முடிகிறது. 1861-62இல் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து திரும்பிய ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பெயர் இதற்கு. முழு நீளத்துக்கும் தார் போட்டு முடித்ததே 1987இல்தான். முதல்முறை அவுட்பேக் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாலை இல்லை. வழி தவற வாய்ப்பில்லை. சாதாரண இருசக்கர இயக்க வேனே போதும். உலுரு, கூபர் பீடி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கேத்ரின் எல்லாம் இதன் மேலோ அருகிலோ இருக்கின்றன.

எந்த மாதம்

மே முதல் செப்டம்பர் வரை. இதில் சமரசம் வேண்டாம். ஜனவரியில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்கள் உண்டு. நிறுத்திவைத்த வேனுக்குள் தூங்க முடியாது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை வடக்கே மழைக்காலம், வெள்ளம் வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். தெற்கும் தப்பாது. 2022 ஜனவரியில் பெய்த மழையில் கிளென்டாம்போ அருகே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை அறுபட்டு, கூபர் பீடிக்கு விமானத்தில் உணவுப் பொருள் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

ஜூன், ஜூலையில் பகல் இதமாக இருக்கும். இரவு வேறு கதை: பாலைவனப் பகுதியில் சுழியத்துக்குக் கீழேகூட இறங்கும். வேனோடு தரும் போர்வை போதாது. ஆளுக்கு ஒரு நல்ல தூங்குபை, கம்பளிக் குல்லாய், காலுறை கட்டாயம். சென்னைக் குளிரை மனதில் வைத்துப் பெட்டி கட்டாதீர்கள்.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை அங்கே பள்ளி விடுமுறை. யுலாராவிலும் கேத்ரினிலும் தங்கும் இடங்கள் முன்கூட்டியே நிறைந்துவிடும். தேதியில் உங்களுக்குச் சுதந்திரம் இருந்தால் ஆகஸ்டைத் தேர்ந்தெடுங்கள்.

தூரக் கணக்கு

அடிலெய்டிலிருந்து டார்வினுக்குச் சுமார் 3,030 கி.மீ. உலுருவுக்கு ஒதுங்கிப் போய்த் திரும்ப இன்னும் 500 கி.மீ. ஆக 3,500. ஒரு நாளைக்கு 700 ஓட்டினால் 5 நாளில் முடியுமே என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. சாலை காலியாகத்தான் இருக்கிறது, ஓட்டவும் முடியும். பகல் இடம் கொடுக்காது.

ஜூலையில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சூரியன் ஏழேகால் வாக்கில் உதித்து ஆறு மணி வாக்கில் மறைகிறது. கங்காரு மேய வருவது விடியற்காலையிலும் அந்தியிலும். வடக்குப் பிரதேசத்தில் (நார்தர்ன் டெரிட்டரி) பல இடங்களில் வேலி கிடையாது. இரவில் மாடுகள் சூடான தார் மேலேயே நிற்கும். அதனால் வாடகை நிறுவனங்கள் பலவும் ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகின்றன. மீறி ஓட்டி மோதினால் காப்பீடு கைகொடுக்காது. ஆக, காலை எட்டரைக்குப் புறப்பட்டு மாலை நான்கரைக்குள் வண்டியை நிறுத்திவிட வேண்டும். சாப்பாடு, ஓய்வு, பெட்ரோல், படம் பிடிக்க நிற்பது எல்லாம் போக 350 முதல் 400 கி.மீ. தான் நியாயமான ஒரு நாள். அதைத் தாண்டித் திட்டம் போட்டால் கடைசி ஒரு மணி நேரம் இருட்டோடு பந்தயம் ஓட வேண்டியிருக்கும்.

இனி பெட்ரோல். டொயோட்டா ஹையேஸ் வகை வேன் 100 கி.மீ.க்கு 12 முதல் 14 லிட்டர் குடிக்கும். எதிர்க்காற்று பலமாக இருந்தால் கூடும். டேங்க் ஏறக்குறைய 70 லிட்டர். காகிதத்தில் 500 கி.மீ.க்கு மேல் வரும். நீங்கள் 400 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாலையில் பங்க் என்பது பெரும்பாலும் ரோட்ஹவுஸ்: பெட்ரோல், சாப்பாடு, குளியலறை, சில அறைகள், பின்னால் வேன் நிறுத்த இடம், எல்லாம் ஒரே முதலாளி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 100 முதல் 250 கி.மீ. இடைவெளி. இரவில் பலவும் பூட்டியிருக்கும். ஜெனரேட்டர் பழுதென்றால் பகலிலும் பம்பு ஓடாது. ஆகவே என் விதி இது: அடுத்த ரோட்ஹவுஸ் மூடியிருந்தாலும் அதற்கடுத்ததை எட்டும் அளவுக்கு எப்போதும் டேங்கில் இருக்க வேண்டும். பிம்பாவிலிருந்து கூபர் பீடிக்குச் சுமார் 370 கி.மீ.; நடுவே கிளென்டாம்போ ஒன்றுதான். அது இல்லை என்றே நினைத்துக்கொண்டு பிம்பாவில் டேங்கை நிரப்புங்கள். விலை நகரத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கும். மொத்தப் பயணத்துக்கு 450 லிட்டருக்குக் குறையாமல் பணம் ஒதுக்குங்கள்.

நடு ஆஸ்திரேலியாவின் பல பம்புகளில் ‘ஓப்பல்’ என்ற பெயரில் ஒரு பெட்ரோல் இருக்கும். பெட்ரோலை முகர்ந்து போதையேற்றிக்கொள்ளும் பழக்கம் பழங்குடி இளைஞர்களின் உயிரைக் குடித்துவந்ததால், போதை தரும் வேதிப்பொருள்களைக் குறைத்து உருவாக்கப்பட்ட எரிபொருள் அது. சாதாரண பெட்ரோல் எஞ்ஜினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. தயங்காமல் போடுங்கள்.

வேனை எடுக்கும் நாள்

தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனாலும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாடகை நிறுவனம் கேட்டால் பேச்சில்லாமல் நீட்டலாம். நமக்கு இருக்கும் பெரிய வசதி, அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள். ஒன்று, தார் போடாத சாலை. இருசக்கர இயக்க வேனை மண் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. தங்குமிடத்துக்குப் போகும் குறுகிய பாதைக்கு மட்டும் சிலர் விலக்குத் தருகிறார்கள். கிங்ஸ் கேன்யனிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மெரினி வழியாகக் குறுக்கே போகலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். அது மண் சாலை, தவிர பழங்குடியினர் நிலத்தைக் கடக்க அனுமதிச் சீட்டும் வேண்டும். விட்டுவிடுங்கள். இரண்டு, வேறு வண்டி சம்பந்தப்படாமல் நீங்களாகக் கவிழ்ந்தால் யார் பொறுப்பு. பல காப்பீடுகளில் வேனின் அடிப்பாகமும் கூரையும்கூடச் சேராது. மூன்று, ஒரு ஊரில் எடுத்து வேறு ஊரில் விடுவதற்கான தனிக் கட்டணம்.

சாவியை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் அந்த முற்றத்திலேயே இருங்கள். அடுப்பைப் பற்றவையுங்கள், இரண்டு பர்னரும் நீலமாக எரிகிறதா பாருங்கள். சிலிண்டரின் வால்வை எப்படி மூடுவது என்று செய்து காட்டச் சொல்லுங்கள். ஓடும்போது அது மூடியிருக்க வேண்டும். குழாயைத் திறந்து பம்பு சத்தம் போடுகிறதா கேளுங்கள். மாற்றுச் சக்கரம் எங்கே, ஜாக்கி எங்கே, சக்கர நட்டைத் திருகும் ஸ்பேனர் அந்த நட்டுக்குப் பொருந்துகிறதா என்று கையால் வைத்துப் பாருங்கள். சில வேன்களில் மாற்றுச் சக்கரமே இருக்காது, ஒட்டுப் போடும் மருந்துப் புட்டி மட்டும் தருவார்கள். அப்படியென்றால் வேறு வேன் கேளுங்கள். முன் கண்ணாடியில் இருக்கும் சின்னச் சின்னத் தெறிப்புகளைக்கூட அலுவலர் எதிரிலேயே படம் எடுத்துவையுங்கள். இந்தச் சாலையில் கல் தெறிப்பது சாதாரணம். ஏற்கெனவே இருந்த தெறிப்புக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம்.

வேனில் இரண்டு பேட்டரி. எஞ்ஜினுக்கு ஒன்று, விளக்கு, ஃபிரிட்ஜ், தண்ணீர்ப் பம்புக்கு ஒன்று. வண்டி ஓடும்போது இரண்டாவது நிரம்பும். ஓட்டாமல் இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றால் ஃபிரிட்ஜ் அதைக் காலி செய்துவிடும். அதனால் இரண்டு இரவுக்கு ஒருமுறையாவது மின்இணைப்புள்ள கேரவன் பார்க்கில் தங்குங்கள். மின்சார ரைஸ் குக்கர் கொண்டுபோவதாக இருந்தால் அதுவும் அந்த இணைப்பில்தான் வேலை செய்யும், வேனின் பேட்டரியில் ஓடாது.

தண்ணீரும் சமையலும்

குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். வேனின் தொட்டித் தண்ணீரை இதில் சேர்க்காதீர்கள். அது பாத்திரம் கழுவ. 10 லிட்டர் கேன்களாக வாங்கி, இரண்டு பேருக்கு எப்போதும் 30 லிட்டர் கையிருப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய கேனாக வாங்கினால் அது ஓட்டையானால் எல்லாம் போச்சு. வழியில் ரோட்ஹவுஸ் குழாய்களில் வருவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர். உப்பு, சுண்ணாம்பு அதிகம். குடிக்கக் கூடாதென்று பலகை மாட்டியிருந்தால் கொதிக்கவைத்தாலும் குடிக்காதீர்கள். கொதித்தால் உப்பு போகாது.

சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு ரோட்ஹவுஸில் உருளை வறுவலும் சீஸ் சாண்ட்விச்சும் தாண்டி அதிகம் கிடைக்காது. சமைத்துக்கொள்வதே நல்லது. 3 லிட்டர் பிரஷர் குக்கர் ஒன்று இந்தப் பயணத்தில் தங்கம்: கேஸும் மிச்சம், தண்ணீரும் மிச்சம். அரிசி, பருப்பு, மசாலா எல்லாவற்றையும் அடிலெய்டின் இந்தியக் கடைகளில் வாங்குங்கள். ஊரிலிருந்து கொண்டுபோவதில் சிக்கல் அதிகம். பச்சைக் கறிவேப்பிலை, விதைகள், பால் சேர்ந்த இனிப்பு இவற்றை உள்ளே விட மாட்டார்கள். கடையில் அடைத்து விற்கும் பொடியோ ஊறுகாயோ கொண்டுபோனால் விமானத்தில் தரும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் எடுத்துப் போட்டுவிடுவார்கள், மறைத்தால் அபராதம்.

அடிலெய்டில் விட்டதை போர்ட் அகஸ்டாவில் வாங்கலாம். அதற்கப்புறம் பெரிய சூப்பர்மார்க்கெட் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில்தான். முகத்துக்குப் போடும் ஈ வலையை மறந்துவிடாதீர்கள். பகலில் ஈ கண்ணிலும் மூக்கிலும் மொய்க்கும். வலை இல்லாமல் ஐந்து நிமிடம் நின்று ஒன்றைப் பார்க்க முடியாது.

சாலையில்

தெற்கு ஆஸ்திரேலியாவில் வேக உச்சவரம்பு 110. வடக்குப் பிரதேசத்தில் சில நீட்டங்களில் 130. வேனுக்கு 100 போதும், பெட்ரோலும் மிஞ்சும்.

உங்களைப் பயமுறுத்தக்கூடியது ரோட் டிரெய்ன்: ஒரு இழுவை வண்டியின் பின்னால் மூன்று டிரெய்லர் வரை, நீளம் 53.5 மீட்டர். அதை முந்துவதற்கு முன் ஒரு கணக்கைப் போடுங்கள். அது 100இல் போகிறது, நீங்கள் 110இல். நொடிக்கு 3 மீட்டர்கூட நெருங்க மாட்டீர்கள். அதன் நீளமும் முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளியும் சேர்த்து 120 மீட்டர். முந்தி முடிக்க 43 நொடி. அதற்குள் எதிர்த் தடத்தில் 1.3 கி.மீ. ஓடியிருப்பீர்கள். எதிரே 3 கி.மீ.க்கு ஒன்றும் இல்லையென்று கண்ணுக்குத் தெரிந்தால் முந்துங்கள், இல்லையென்றால் பின்னாலேயே போங்கள். முந்தும் தடம் அவ்வப்போது வரும். ரோட் டிரெய்ன் எதிரே வந்தால் இடப்பக்கம் ஒட்டி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடியுங்கள். அது கடக்கும் நொடியில் காற்று வேனை முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கும்.

விலங்கு குறுக்கே வந்தால் பிரேக்கை மிதியுங்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். வெட்டினால் உயரமான வேன் கவிழும். செத்த கங்காருவைக் கொத்திக்கொண்டிருக்கும் ஆப்புவால் கழுகைத் தூரத்தில் கண்டாலே வேகத்தைக் குறையுங்கள். கனத்த பறவை, மேலே எழும்ப நேரம் எடுக்கும், எழும்பும்போது உங்கள் கண்ணாடி உயரத்தில்தான் இருக்கும்.

சில நீட்டங்களில் தார் மேல் வெள்ளைக் கோடுகளும், பறக்கும் மருத்துவர் சேவையின் அவசர ஓடுதளம் என்ற பலகையும் இருக்கும். ஜான் ஃபிளின் 1928இல் தொடங்கிய சேவை அது. நெடுஞ்சாலையே அங்கு ஓடுதளம். விமானம் இறங்குவதற்காக யாராவது சாலையை மறித்து நிறுத்தினால் நின்று காத்திருங்கள்.

சிக்கிக்கொண்டால்

ஊர்களைத் தாண்டினால் கைப்பேசி அலைவரிசை இல்லை. உள்ளதற்குள் பரவலானது டெல்ஸ்ட்ரா. அந்த சிம் வாங்குங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கைக்கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். இந்தச் செலவை மட்டும் குறைக்காதீர்கள். கையடக்க யு.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 40ஆம் சேனலில் லாரிக்காரர்கள் பேசிக்கொள்வது கேட்கும். முந்தலாமா என்று கேட்டால் பதில் சொல்வார்கள். அவசர எண் 000. ஊரில் அண்ணனோ தங்கையோ ஒருவரிடம் நாள்வாரித் திட்டத்தைக் கொடுத்து, தினமும் தங்கும் இடம் சேர்ந்ததும் செய்தி அனுப்புங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சென்னைக்கு 4 மணி நேரம் முன்னால் இருக்கிறது, அவர்களுக்கு அப்போது மதியம்.

வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நகராதீர்கள். இதை வேனுக்குள் எழுதி ஒட்டிவையுங்கள். 2019 நவம்பரில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் தெற்கே ஃபின்க் ஆற்றுப் படுகையில் கார் புதைந்து மூவர் சிக்கினார்கள். தண்ணீர்க் குட்டையை விட்டு அகலாமல் இருந்தவர் உயிரோடு மீட்கப்பட்டார். உதவி தேடி நடந்துபோன இருவரில் ஒருவர் இறந்துபோனார். மேலிருந்து தேடுபவர்கள் கண்ணுக்கு மனிதரைவிட வண்டி சுலபமாகப் படும், வண்டியில் நிழலும் இருக்கிறது. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சில மணி நேரத்துக்குள் யாராவது வந்துவிடுவார்கள். அங்கே நின்றுகிடக்கும் வண்டியைக் கண்டால் விசாரிக்காமல் போகிறவர் குறைவு. நீங்களும் அப்படியே நின்று விசாரியுங்கள்.

நாள்வாரியாக

18 நாள் இருந்தால் இந்தப் பயணம் நன்றாக அமையும். வேனை எடுத்து, சாமான் வாங்கி, போர்ட் அகஸ்டா சேர்வதோடு முதல் நாள் முடியும். இரண்டாம் நாள் வேண்டுமென்றே குறைவு: 180 கி.மீ.யில் வூமரா. 1947இல் தொடங்கிய ஏவுகணைத் தளம். 1967இல் ஆஸ்திரேலியாவின் முதல் செயற்கைக்கோள் இங்கிருந்துதான் போனது. பழைய ராக்கெட்டுகளை ஊர் நடுவே நிறுத்திவைத்திருக்கிறார்கள். மறுநாள் ஹார்ட் ஏரியின் வெள்ளை உப்புப் பரப்பைச் சாலையோரத்திலிருந்து பார்த்துக்கொண்டே கூபர் பீடி.

கூபர் பீடியில் இரண்டு இரவு. 1915இல் ஓப்பல் கல் கிடைத்து முளைத்த ஊர், வெயிலுக்குப் பயந்து மக்கள் பாறைக்குள் வீடு குடைந்து வாழ்கிறார்கள். ஒரு இரவாவது வேனை விட்டுவிட்டு நிலத்தடி அறையில் தூங்குங்கள். ஊரைச் சுற்றி மூடாத சுரங்கக் குழிகள் ஏராளம். படம் எடுக்கப் பின்னோக்கி நடக்காதீர்கள்.

அடுத்து மார்லா வழியாகக் குல்கெரா, 415 கி.மீ. மறுநாள் எர்ல்டுண்டாவில் மேற்கே திரும்பி யுலாரா. உலுரு பாறை இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் தங்க முடியாது, பக்கத்திலுள்ள யுலாராவில்தான் தங்க வேண்டும்; மூன்று இரவு முன்பதிவு செய்யுங்கள். உலுருவை 1985 அக்டோபர் 26இல் அதன் பாரம்பரிய உரிமையாளர்களான அனங்கு மக்களிடம் அரசு திருப்பிக் கொடுத்தது. 2019இல் அதே தேதியிலிருந்து மேலே ஏறுவது தடை. அடிவாரத்தைச் சுற்றி 10.6 கி.மீ. நடை இருக்கிறது. ஏறுவதைவிட அதுவே மேல் என்பேன். ஒவ்வொரு வளைவிலும் பாறை வேறு பாறையாகிறது: ஓரிடத்தில் அலை அரித்தது போன்ற குகை, இன்னோரிடத்தில் மழைநீர் வழிந்து கறுத்த கோடு, கீழே ஒரு சுனை. சில பக்கங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை கேட்டுக்கொள்ளும். அவை அனங்கு மக்களின் சடங்குத் தலங்கள். கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இரண்டு இரவு: துணி துவைக்க, சாமான் நிரப்ப, டயர் காற்றைப் பார்க்க. பிறகு வடக்கே 400 கி.மீ.யில் கார்லு கார்லு, உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இடம். பாறைகளின் அருகிலேயே தங்கலாம். இடத்தை இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வடக்குப் பிரதேசப் பூங்காக்களுக்கான சீட்டும் வேண்டும், உலுரு சீட்டு இங்கே செல்லாது. டென்னன்ட் கிரீக் தாண்டி ரெனர் ஸ்பிரிங்ஸில் ஒரு இரவு. மறுநாள் நீண்ட ஓட்டம், மட்டரங்கா வரை. வெதுவெதுப்பான ஊற்றில் குளித்தால் உடல்வலி தீரும். அங்கிருந்து கேத்ரினுக்கு 105 கி.மீ. தான். நிட்மிலுக் பள்ளத்தாக்கில் படகில் போக ஒரு முழு நாள் வையுங்கள். இந்தப் பகுதியிலிருந்து வடக்கே ஆறுகளில் முதலை உண்டு. குளிக்கலாம் என்று பலகை சொல்லாத தண்ணீரில் கால்கூட வைக்காதீர்கள்.

இப்படிக் கூட்டினால் 16ஆம் நாள் டார்வின். மிச்சமுள்ள 2 நாளைக் காகிதத்தில் வெற்றாகவே விடுங்கள். டயர் வெடித்தால், உடம்பு சரியில்லையென்றால், சாலையை மூடினால் செலவழிக்க அவை வேண்டும். ஒன்றும் நடக்கவில்லையென்றால் டார்வினில் செலவழியுங்கள். வேனை ஒப்படைக்கும் அலுவலகம் பிற்பகலிலேயே மூடிவிடும்; அதற்குள் கழிவுத் தொட்டியைக் காலி செய்து, டேங்கை நிரப்பி, உள்ளே பெருக்கிவிட்டுப் போக வேண்டும். ஊருக்குத் திரும்பும் விமானத்தை எக்காரணம் கொண்டும் அதே நாளுக்குப் போடாதீர்கள்.